மனசாட்சியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போகிற சந்தோஷம்

மழைக்கோடு · ஞாயிறு இரவு 10.42

போன வாரம் ஒரு வீடியோ வந்தது. 14 நொடி. மழையில் நனைந்த படிக்கட்டு. குடையோடு இறங்குகிற பெரியவர் ஒருவர் கால் வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே மூன்று படி சறுக்குகிறார். குடை மட்டும் தனியாக எழும்பிக் காற்றோடு போகிறது. அது போகிற ஒய்யாரத்தில்தான் சிரிப்பே. பக்கத்தில் மனைவி தூங்கிக்கொண்டிருந்ததால் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். அடக்க முடியவில்லை. மறுபடி ஒரு தடவை பார்த்தேன். பிறகு குடும்பக் குழுவுக்குத் தள்ளிவிட்டேன், கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை மூன்றையும் சேர்த்து.

மறுநாள் காலையில் சத்தத்தோடு பார்க்க நேர்ந்தது. படம் எடுப்பவன் சிரிக்கிறான். மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில், மூச்சோடு கேட்கிறது அந்தச் சிரிப்பு. கடைசி இரண்டு நொடியில் பெரியவர் எழப் பார்க்கிறார், முடியவில்லை. கேமராவைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு அவரும் சிரிக்கிறார். சிரிக்கிறார் என்பது சரியில்லை, சிரித்துவைக்கிறார். விழுந்ததற்கு அவரே மன்னிப்புக் கேட்பது மாதிரி.

அந்த முகம் முந்தின ராத்திரியும் அதே இடத்தில்தான் இருந்தது. இரண்டு தடவை என் கண்முன்னால் வந்துபோனது. நான் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'எல்லோருக்கும் நீக்கு' அழுத்தப் போனேன், தாமதமாகிவிட்டது. அதற்குள் ஒன்பது பேர் சிரித்திருந்தார்கள்.

காந்தி 1925-இல் ஏழு சமூகப் பாவங்கள் என்று எழுதினாரே, அதில் ஒன்று 'மனசாட்சி இல்லாத இன்பம்'. இத்தனை நாளும் அது குடிகாரனுக்கும் ஸ்திரீலோலனுக்கும் சொன்னது, நமக்கில்லை என்று இருந்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. நான் யாரையும் அடிக்கவில்லை, ஏமாற்றவில்லை. சும்மா சிரித்தேன். இதுவும் அந்தக் கணக்கில் வருமா?

விடாக்கண்டன் · 11.05

//சும்மா சிரித்தேன்//

அவ்வளவுதான் சார் விஷயம். ஒருத்தர் வழுக்கி விழுந்தால் பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வருவது இயல்பு. நீங்கள் பிடித்துத் தள்ளவில்லை. நீங்கள் பார்க்காமல் இருந்திருந்தாலும் அவர் விழுந்தது விழுந்ததுதான். இதற்கெல்லாம் மனசாட்சியைக் கூப்பிட்டால் மனுஷன் எதற்குத்தான் சிரிக்கிறது? போட்டிருக்கிற சட்டையில், கையிலிருக்கும் போனில் எல்லாம் யாரோ ஒருத்தருடைய கஷ்டம் இருக்கிறது. எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டிருந்தால் பைத்தியம்தான் பிடிக்கும். மறுபிறவியெல்லாம் கிடையாது என்ற பழைய காலத்துச் சார்வாகர்கள் அன்றைக்கே போட்டு உடைத்துவிட்டார்கள்: இருக்கிற வரைக்கும் சுகமாக இரு, கடன் வாங்கியாவது நெய்யைக் குடி, சாம்பலான உடம்பு திரும்பி வரப்போவதில்லை.

சும்மா_வந்தேன் · 11.09

வீடியோ லிங்க் கிடைக்குமா சார்?

தூரிகை · 11.11

பதிவை முழுசாப் படிச்சீங்களா?

சும்மா_வந்தேன் · 11.12

குடை வரைக்கும் படிச்சேன்.

பழைய_ஏடு · திங்கள் காலை 6.20

வழக்கம்போல இரண்டு திருத்தம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. அந்தப் பட்டியல் காந்தி உண்டாக்கியதல்ல. 1925 அக்டோபர் 22 அன்று அவர் நடத்திய 'யங் இந்தியா' இதழில் அது வந்தது, ஒரு நண்பர் அனுப்பியது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதே ஆண்டு மார்ச்சில் ஃபிரெடெரிக் லூயிஸ் டொனால்ட்சன் என்ற பாதிரியார் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பேசிய பட்டியல் அது. காந்தி கூடவே ஒரு விளக்கமும் வைத்தார். இவற்றை வெறும் புத்தியால் தெரிந்துகொண்டால் போதாது, நெஞ்சால் தெரிந்துகொண்டு விலக வேண்டும் என்பதுதான் நண்பரின் எண்ணம் என்று. மழைக்கோடு, உங்களுக்கு இரவு புத்தி வேலை செய்தது, காலையில் மற்றது.

இரண்டு. சார்வாகர்கள் எழுதிய நூல்கள் நம் கைக்கு வரவில்லை. நெய் குடிக்கச் சொல்லும் அந்தச் செய்யுள் நமக்குக் கிடைப்பது 14-ஆம் நூற்றாண்டில் மாதவர் என்ற வேதாந்தி தொகுத்த நூலில், அதாவது எதிர்க்கட்சிக்காரர் எழுதிவைத்த வாக்குமூலத்தில். அதை வைத்து அவர்களைத் தூக்கிப் பிடிப்பதும் தப்பு, திட்டுவதும் தப்பு.

ஆனால் செய்யுளை அப்படியே எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஒரு சந்தேகம். குடித்தவன் செத்துச் சாம்பலாகிவிட்டான், சரி. கடன் கொடுத்தவன்? அவன் உயிரோடு வாசலில் நிற்கிறானே. அவனுக்கு அந்தச் செய்யுளில் ஒரு சொல்கூடக் கிடையாது. மழைக்கோடு கேட்கிற கேள்வி அந்த ஆளைப் பற்றியதுதான் என்று நினைக்கிறேன்.

எலிப்பொறி · காலை 9.15

கொஞ்சம் மூளைப் பக்கமும் பார்க்கலாம். 1954-இல் மொன்றியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலி மூளைக்குள் மெல்லிய கம்பி ஒன்றைச் செருகினார்கள். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் அந்த இடத்தில் மின்சாரம் கொஞ்சம் பாயும். எலி அழுத்திக்கொண்டே இருந்தது. பின்னால் வந்த பரிசோதனைகளில் மணிக்கு ஆயிரக்கணக்கான தடவை அழுத்திய எலிகள் உண்டு, பக்கத்தில் தீனி இருந்தும் அதை விட்டுவிட்டு அழுத்தியவையும் உண்டு. உடனே எல்லோரும் 'இன்ப மையம்' கண்டுபிடித்தாயிற்று என்றார்கள்.

பல வருஷம் கழித்து கென்ட் பெரிட்ஜ் போன்ற மூளை ஆய்வாளர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். 'வேணும் வேணும்' என்று துடிப்பது ஒன்று, கிடைத்ததை ரசிப்பது இன்னொன்று. மூளையில் இரண்டுக்கும் தனித்தனி ஏற்பாடு. டோபமைன் என்ற மூளை ரசாயனம் பெரும்பாலும் முதலாவதின் ஆள். ஆக அந்த எலி ஆனந்தத்தில் மிதந்தது என்று சொல்ல முடியாது. விட முடியாமல் அழுத்திக்கொண்டிருந்தது என்று மட்டும்தான் சொல்லலாம்.

நீங்கள் இரண்டாவது தடவை பார்த்தபோது முதல் தடவை அளவுக்குச் சிரிப்பு வந்ததா? யோசித்துப் பாருங்கள். நம் கட்டைவிரல் திரையைத் தள்ளுவதும் அந்த நெம்புகோல்தான்.

மழைக்கோடு · காலை 9.40

வரவில்லை. இரண்டாவது தடவை பார்த்தது சிரிப்பதற்காக இல்லை, அனுப்பத்தான்.

விடாக்கண்டன் · காலை 10.02

எலிப்பொறி, அப்போ எல்லாம் டோபமைன் செய்கிற வேலை. மனுஷன் பேரில் தப்பில்லை. நான் சொன்னதையே நீங்கள் விஞ்ஞானத்தில் சொல்கிறீர்கள், நன்றி.

எலிப்பொறி · காலை 10.10

ஐயா நான் அப்படிச் சொல்லவில்லை. எலிக்குப் பக்கத்து வீடு கிடையாது. நமக்கு இருக்கிறது.

பெயர்_வேண்டாம் · மதியம் 2.37

இந்தத் தளத்தில் படிக்க மட்டும்தான் வருவேன். இன்றைக்கு எழுதத் தோன்றியது.

என் கணவருக்குப் போனில் பணம் கட்டி ஆடும் சீட்டுப் பழக்கம் இருந்தது. இங்கே எல்லோரும் மனசாட்சி இல்லாத இன்பம் என்கிறீர்கள். அவருக்கு மனசாட்சி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நிறைய இருந்தது. ஆடும்போது மட்டும் இருக்காது. ராத்திரி போர்வைக்குள் வெளிச்சம் தெரியும், நான் புரண்டு படுத்தால் அணைந்துவிடும். அணைக்கத் தெரிந்ததே, அப்போது உள்ளே யாரோ முழித்துக்கொண்டுதானே இருந்தார்கள்?

என் மாமியாரின் கண் ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணம் போன அன்று அழுதார். சாதாரண அழுகை இல்லை. தலையில் அடித்துக்கொண்டு, என் காலைப் பிடித்துக்கொண்டு. நானும் அழுதேன். அரை மணி நேரம். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்தார், முகத்தில் ஒரு தெளிவு. பசிக்கிறது என்றார். எனக்குத் தொண்டைக்குள் எதுவும் இறங்கவில்லை, அவர் நன்றாகச் சாப்பிட்டார். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அந்த அழுகையும் அவருக்கு ஒரு சுகம். அழுது முடித்ததும் கணக்கு நேராகிவிடும், அடுத்த வாரம் புதுக் கணக்கு. என் பக்கத்தில் எந்தக் கணக்கும் நேராகவில்லை. மாமியாருக்கு இடது கண் மங்கலாகவே இருந்தது.

அவரை மோசமானவர் என்று காட்ட எழுதவில்லை. ஆட்டத்தை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. எப்படி விட்டார் என்று கேட்பீர்கள். பெரிய ஞானம் எதுவும் வரவில்லை. ஒரு நாள் அவர் அழ ஆரம்பித்தபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். பார்க்க ஆள் இல்லாமல் அழுகை வெகுநேரம் நீடிக்கவில்லை போல. அதற்குப் பிறகு வைத்தியம், ஆலோசனை எல்லாம்.

தூரிகை · மதியம் 2.58

அக்கா.

கணக்கர் · மாலை 4.30

சகோதரி எழுதியதற்குப் பிறகு நாங்கள் பேசுவதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். இருந்தாலும் சூதைப் பற்றி ஒன்று. சூது அதிகாரத்தின் கடைசிக் குறளில், இழக்க இழக்க ஆசை கூடுவதுதான் சூதின் குணம் என்கிறார் வள்ளுவர். ஜெயித்தால் கூடும் என்று சொல்லவில்லை. எலிப்பொறி சொன்ன துடிப்பு, ரசிப்பு விவகாரம்தான் அது. கம்பியும் இல்லை, மின்சாரமும் இல்லை, பார்த்தே சொல்லியிருக்கிறார்.

விடாக்கண்டனுக்கு: இன்பத்தை ஆதரிக்க ஆள் வேண்டுமானால் சார்வாகரை விடப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் உங்கள் கட்சியில் நிற்க மாட்டார்கள். கிரேக்கத் தத்துவவாதி எபிகூரஸ் இன்பமே வாழ்வின் நோக்கம் என்றவர். ஏதென்ஸில் ஒரு தோட்டத்தில் நண்பர்களோடு ரொட்டியும் தண்ணீருமாக வாழ்ந்தார். நியாயமாக நடக்காமல் இன்பமாக வாழவே முடியாது என்று சொன்னவரும் அவரே. ஆங்கிலேயத் தத்துவவாதி பெந்தாம் 1789-இல் இன்பத்தை அளக்க ஏழு அளவுகோல் கொடுத்தார். எவ்வளவு தீவிரம், எவ்வளவு நேரம், எவ்வளவு நிச்சயம், எவ்வளவு அருகில் என்று போகும் அந்தப் பட்டியலில் ஏழாவது, அது எத்தனை பேரைத் தொடுகிறது என்பது. வட்டிக்கடைக்காரர் மாதிரி இன்பத்தை எண்ணிய மனுஷன்கூட அடுத்தவனுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார்.

படிக்கட்டுப் பெரியவரை எந்தப் பத்தியில் எழுதினீர்கள்?

விடாக்கண்டன் · மாலை 5.12

நல்ல கேள்வி, பதிலும் இருக்கிறது. ஆயிரம் பேர் சிரிக்கிறார்கள், ஒருத்தருக்கு வெட்கம். அதுவும் அவருக்கு இந்த வீடியோ சுற்றுவதே தெரியாமல் இருக்கலாம். தெரியாத வலிக்கு என்ன கணக்கு? பெந்தாம் கணக்கிலேயே ஆயிரம்தானே ஜெயிக்கும்?

கணக்கர் · மாலை 5.20

அங்கேதான் பெந்தாமோடு எனக்கும் ஒத்துவராது. ஆயிரத்துக்கு ஒன்று என்று கழிக்கிற அந்த ஒன்று, நாளைக்கு நீங்களாக இருக்கலாம்.

விடாக்கண்டன் · மாலை 5.24

அது மிரட்டல், வாதம் இல்லை.

மட்டுறுத்துநர் · மாலை 6.03

இதற்குக் கீழே இருந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒருவரின் கணவரைப் பற்றி எழுதும்போது அவர் இதைப் படிக்கலாம் என்ற நினைப்பு இருக்கட்டும். இழை திறந்தே இருக்கும்.

தூரிகை · இரவு 8.45

நான் கொஞ்சம் வேறு பக்கம் நிற்கிறேன், யாரும் கோபப்பட வேண்டாம். மனசாட்சி என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் பயம். எங்கள் வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தால், ராத்திரி தோழியோடு பேசினால், தனியாக ஒரு நாள் ஊர் சுற்றிவிட்டு வந்தால், 'உனக்கு மனசாட்சியே இல்லையா' என்பார்கள். அதனால் யாருக்கும் ஒரு சேதமும் இல்லை. ஆனால் எனக்கு உள்ளே குறுகுறுக்கும், பழக்கிவிட்டார்கள். பெரியவர் விழுந்த வீடியோவை அதே குழுவில் போட்டால் எல்லோரும் சிரிப்பார்கள், ஒருத்தருக்கும் குறுகுறுக்காது.

அப்போ உள்ளே குறுகுறுப்பது எல்லாம் மனசாட்சி கிடையாது, குறுகுறுக்காமல் இருப்பதால் செய்தது சரி என்றும் ஆகாது. நான் எதை வைத்துப் பிரிப்பது? நிஜமாகவே கேட்கிறேன்.

பழைய_ஏடு · இரவு 9.10

தூரிகை கேட்டதுதான் இந்த இழையில் ஆக உருப்படியான கேள்வி. பதில் சொல்ல வயசு போதாது. கதை ஒன்று சொல்கிறேன்.

நான்காம் நூற்றாண்டு, ரோம். பின்னால் கிறிஸ்தவ ஞானியான அகஸ்டினுக்கு அலிப்பியஸ் என்று ஒரு நண்பர். மனிதர்கள் வாளெடுத்து வெட்டிக்கொள்ளும் காட்சியை வெறுத்தவர். கூட்டாளிகள் ஒரு நாள் வலுக்கட்டாயமாக அரங்குக்கு இழுத்துப் போனார்கள். உடம்பைத்தான் கொண்டுபோகிறீர்கள், மனசை இல்லை என்று சொல்லிக் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். காதை மூட மறந்துவிட்டார். யாரோ விழுந்தபோது கூட்டம் எழுப்பிய கூச்சல் உள்ளே போனது. என்னவென்று பார்க்கலாம், பார்த்தாலும் என்னை எதுவும் செய்யாது என்று கண்ணைத் திறந்தார். அப்புறம் திருப்பவில்லை. தானும் கத்தினார், திரும்பத் திரும்பப் போனார், மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போனார் என்கிறார் அகஸ்டின்.

எனக்கு இதில் உறைப்பது கடைசிப் பகுதி, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனது. மழைக்கோடு இரண்டாவது தடவை பார்த்ததே அனுப்பத்தான் என்றாரே, அங்கே வந்து சேர்கிறது. தனியாக ரசிக்கும்போது எங்கேயோ இடிக்கும். இன்னும் பத்துப் பேர் சிரித்தால் அந்த இடிப்பு அடங்கிவிடும். அதற்குத்தான் துணை தேடுகிறோம் போல.

எலிப்பொறி · இரவு 9.31

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார். மனசாட்சி செத்துப்போவதில்லை, அந்தந்த நேரத்துக்கு இணைப்பைத் துண்டித்து வைக்கிறோம் என்பது அவர் கட்சி. துண்டிக்கிற வாசகங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். 'சும்மா தமாஷ்'. 'எல்லாரும்தானே பார்க்கிறாங்க'. 'நான் எடுக்கல, வந்ததை அனுப்பினேன்'. 'மழையில அந்த ஆளுக்கு அங்க என்ன வேலை'. பிறகு அந்த ஆளை ஆளாகவே பார்க்காமல் இருப்பது. இந்த இழையிலேயே இதில் பாதி வந்துவிட்டது. நானும் சேர்த்துத்தான், டோபமைன் என்று நீட்டி முழக்கினேனே.

பெயர்_வேண்டாம் · இரவு 9.55

தூரிகைம்மா, எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன், தப்பாக இருந்தால் விட்டுவிடு. நீ ஊர் சுற்றி வந்தபோது யாருடைய முகத்தையாவது பார்க்காமல் தவிர்க்க வேண்டியிருந்ததா? திட்டுவார்களே என்ற பயத்தில் தவிர்ப்பது வேறு. இந்த முகத்தைப் பார்த்தால் இந்தச் சந்தோஷம் நிற்காது என்று தவிர்ப்பது வேறு. எங்கள் வீட்டில் அந்த ஐந்து வருஷமும் அவர் தன் அம்மாவின் எதிரில் உட்காரவே இல்லை. டிவி பார்க்கும்போதுகூட நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் போட்டுக்கொள்வார்.

தூரிகை · இரவு 10.02

எனக்கு இது போதும் அக்கா. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்கிறேன், உங்கள் பெயர்கூட இல்லையே, பரவாயில்லைதானே?

பெயர்_வேண்டாம் · இரவு 10.04

கேட்டாயே, அதுவே சந்தோஷம். எடுத்துக்கோ.

விடாக்கண்டன் · இரவு 10.40

எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். நான் இன்னும் சொல்வேன், நம் காலத்துக்கு மனசாட்சி குறைவு இல்லை, மனசாட்சியைக் காட்டிக்கொள்வதுதான் அதிகம். நாளைக்கு மழைக்கோடு குழுவில் ஒரு நீண்ட மன்னிப்புப் போடுவார், பத்துப் பேர் கைகூப்புவார்கள். அதுவும் ஒரு சுகம்தான், சகோதரி சொன்ன அதே சுகம். பெரியவருக்கு அதனால் என்ன வந்தது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

மழைக்கோடு · இரவு 11.15

விடாக்கண்டன் சொன்னது சுருக்கென்று குத்தியது. அப்படி ஒரு மன்னிப்பை எழுதியே வைத்திருந்தேன், நன்றாகவே வந்திருந்தது, இரண்டு தடவை திருத்தினேன் வேறு. அழித்துவிட்டேன்.

மழைக்கோடு · செவ்வாய் இரவு 9.20

எழுதலாமா வேண்டாமா என்று நாள் முழுக்க யோசித்தேன்.

குழுவில் சிரித்த ஒன்பது பேரில் பெரியப்பா இல்லை. பார்த்திருந்தார், இரண்டு நீலக் கோடு இருந்தது. இன்றைக்கு வேறு வேலையாக அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். உட்கார்ந்தவர் எழுந்திருக்க நாற்காலிக் கையைப் பிடித்தார், பாதியில் நின்றார். என்ன பெரியப்பா என்றேன். பெரியம்மாதான் சொன்னார். வியாழக்கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாராம். நான் வீடியோ அனுப்பியது புதன் ராத்திரி. யாருக்கும் சொல்லக் கூடாது என்று பெரியம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

ஏன் பெரியப்பா ஒரு போன்கூடப் பண்ணலை என்று கேட்டேன். 'அதெல்லாம் ஒண்ணுமில்லடா' என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

விடாக்கண்டன் · இரவு 9.26

அடி எங்கே?

மழைக்கோடு · இரவு 9.28

இடது இடுப்பு. நடக்கிறார், சாய்த்து சாய்த்து நடக்கிறார். நாளை மறுநாள் எனக்கு லீவு, அன்றைக்கு எக்ஸ்ரேக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன்.

விடாக்கண்டன் · இரவு 9.31

நாளை மறுநாள் வேண்டாம் சார். இந்த வயசில் இடுப்பு எலும்பில் மெல்லிய விரிசல் இருந்தாலும் நடக்க வரும், திடீரென்று விலகிவிட்டால் படுக்கைதான். எங்கள் அப்பாவுக்கு அப்படித்தான் ஆனது. காலையில் முதல் வேலையாகப் போங்கள், மாடிப்படி ஏற விடாதீர்கள். போய்விட்டு இங்கே எழுதுங்கள்.